சமையல் சோடா மருந்தாகும்போது

சமையலறை அலமாரியில் இருக்கும் சமையல் சோடாவும், தீவிர சிகிச்சைப் பிரிவில் நரம்பு வழியாக ஏற்றப்படும் ஒரு மருந்தும் வேதியியல்படி ஒரே பொருள்தான். அதன் பெயர் சோடியம் பைகார்பனேட். சோடா உப்பு என்று அழைப்பவர்களும் உண்டு. நன்கு பழகிய பொருள் என்பதாலேயே, நெஞ்செரிச்சல் வந்தால் ஒரு கரண்டி கலக்கிக் குடிப்பதற்குப் பலர் தயங்குவதில்லை. ஆனால் இது மெய்யாகவே வேலை செய்யும் மருந்து. அப்படி வேலை செய்யும் எந்தப் பொருளும், அளவு தவறினாலோ ஆள் மாறினாலோ தீங்கும் செய்யும். இந்த மருந்து எங்கே உதவுகிறது, எங்கே உதவுவதுபோலத் தோன்றி ஏமாற்றுகிறது, எங்கே உயிருக்கே ஆபத்தாகிறது என்பதை வேதியியல் பின்னணி இல்லாதவரும் புரிந்துகொள்ளும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிட வேண்டும். சலவைச் சோடா என்பது சோடியம் கார்பனேட். அது இதைவிடப் பன்மடங்கு கடுமையான காரம். காஸ்டிக் சோடா என்பது சோடியம் ஹைட்ராக்சைடு. அதை விழுங்கினால் உணவுக்குழாய் வெந்து போகும். பேக்கிங் பவுடர் என்பது சமையல் சோடாவுடன் உலர்ந்த அமிலப்பொருள் ஒன்றையும் சேர்த்த கலவை. இவற்றில் எதுவும் சோடியம் பைகார்பனேட்டுக்கு மாற்று ஆகாது.

அமிலத்தைச் சந்திக்கும்போது நடப்பது

சமையல் சோடாவின் மீது சில துளி எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைத்துப் பொங்குவதை எல்லாரும் பார்த்திருப்போம். அங்கே பைகார்பனேட் அமிலத்தோடு வினைபுரிந்து தண்ணீராகவும் கார்பன் டை ஆக்சைடு வாயுவாகவும் மாறுகிறது; சோடியம் மட்டும் ஓர் உப்பாகக் கரைசலில் தங்கிவிடுகிறது. ஆக, அமிலம் குறைகிறது, வாயு பிறக்கிறது, சோடியம் மிஞ்சுகிறது. இம்மூன்றும் எப்போதும் சேர்ந்தேதான் நிகழும். நமக்கு வேண்டியது முதலாவது மட்டுமாக இருந்தாலும் மற்ற இரண்டையும் சேர்த்தே வாங்கிக்கொள்கிறோம். இனி வரும் பயன்களும் ஆபத்துகளும் பெரும்பாலும் இந்த ஒரே வினையிலிருந்து கிளைப்பவை.

உடலுக்கு இந்தப் பொருள் புதியதன்று. இரத்தத்தின் அமில-காரச் சமநிலையைக் குறிக்கும் பிஎச் அளவு 7.35-க்கும் 7.45-க்கும் இடைப்பட்ட மிகக் குறுகிய எல்லைக்குள் இருக்க வேண்டும். அதைக் காப்பதில் முதன்மைப் பங்கு பைகார்பனேட்டுக்கே உரியது. ஆரோக்கியமானவரின் இரத்தத்தில் அது லிட்டருக்கு ஏறத்தாழ 22 முதல் 26 மில்லிமோல் (பொருளின் அளவைக் கணக்கிடும் அலகு) வரை இருக்கும். உணவு செரிப்பதாலும் தசைகள் இயங்குவதாலும் உண்டாகும் அமிலத்தைப் பைகார்பனேட் ஏற்றுக்கொள்கிறது. அப்போது பிறக்கும் கார்பன் டை ஆக்சைடை நுரையீரல் வெளியேற்றுகிறது. செலவான பைகார்பனேட்டைச் சிறுநீரகம் மீண்டும் உண்டாக்குகிறது. கணையமும் நாள்தோறும் இதைச் சுரந்து, இரைப்பையிலிருந்து சிறுகுடலுக்கு வரும் அமிலத்தைத் தணிக்கிறது.

இதில் சிறுநீரகம் செய்யும் வேலையின் அளவை எண்ணிப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. ஒரு நாளில் அது வடிகட்டும் சுமார் 180 லிட்டர் நீர்மத்தில் உள்ள பைகார்பனேட்டைச் சமையல் சோடாவாகக் கணக்கிட்டால் 350 கிராமுக்கும் மேல் வரும். அதில் ஏறக்குறைய முழுவதையும் சிறுநீரகம் மறுபடி இரத்தத்துக்கே திருப்பி அனுப்பிவிடுகிறது. தேவைக்கு மேல் இருந்தால் அதே சிறுநீரகம் மிகுதியைச் சிறுநீரில் கழித்துவிடும். ஆகவே நலமாக உள்ள ஒருவர் சோடா கரைத்த தண்ணீரைச் சிறிதளவு குடித்தால் அவருடைய சிறுநீர் காரமாகுமே தவிர இரத்தம் குறிப்பிடத்தக்க அளவில் மாறாது. “உடலையே காரமாக்கி நோயைத் துரத்தலாம்” என்ற பேச்சு இந்த இடத்திலேயே நின்றுபோகிறது.

நெஞ்செரிச்சலுக்கு

இரைப்பையில் சுரப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது உணவுக்குழாய்க்கு மேலேறும்போது நெஞ்செரிச்சல் ஏற்படுகிறது. சோடியம் பைகார்பனேட் தண்ணீரில் எளிதில் கரைவதால் அமிலத்தை நிமிடங்களில் தணித்துவிடும். ஆனால் அதே காரணத்தால் இரைப்பையை விட்டு விரைவாகவே வெளியேறியும் விடும். எனவே நிவாரணம் உடனே கிடைக்கும், நெடுநேரம் நிற்காது. எப்போதாவது வரும் எரிச்சலுக்கு, சிறுநீரகமும் இதயமும் நலமாக உள்ள பெரியவர் ஒருவர், குறைந்த அளவை முழுவதும் தண்ணீரில் கரைத்துக் குடிப்பதால் பெரும்பாலும் கெடுதல் இல்லை.

அதைத் தாண்டும்போதுதான் சிக்கல். அரைத் தேக்கரண்டிச் சோடாவில் மட்டும் 600 மில்லிகிராமுக்கு மேல் சோடியம் இருக்கிறது. பெரியவர்களுக்கு ஒரு நாள் முழுவதற்குமாக உலக சுகாதார நிறுவனம் வகுத்திருக்கும் உச்சவரம்பு 2,000 மில்லிகிராம்தான். நாளுக்கு மூன்று முறை அரைத் தேக்கரண்டி குடிப்பவர், உணவில் ஒரு சிட்டிகை உப்பும் சேர்க்காமலேயே அந்த வரம்பை நெருங்கிவிடுகிறார். சுவையில் உப்புக் கரிப்பு அவ்வளவாகத் தெரியாததால் இது பலருக்கும் உறைப்பதில்லை. உயர் இரத்த அழுத்தம், இதயச் செயலிழப்பு, காலில் நீர்வீக்கம், கல்லீரல் நோயால் வயிற்றில் நீர் கோத்தல் ஆகியவை உள்ளவர்கள் மருத்துவர் சொல்லாமல் இதைத் தொடக்கூடாது என்று சொல்வதற்கு முதல் காரணம் இந்தச் சோடியம்தான்.

அடுத்தது வாயு. வயிறு முட்ட உண்டபின், அல்லது மது அருந்தியபின், உப்புசத்தைத் தாங்க முடியாமல் கரண்டி கரண்டியாகச் சோடாவை விழுங்கியவர்களுக்கு இரைப்பையே கிழிந்துபோன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. ஏற்கெனவே விரிந்து நிற்கும் இரைப்பைக்குள் வாயு திடீரெனப் பெருகும்போது அதற்கு வெளியேற வழி இருப்பதில்லை. இது அரிது, ஆனால் நடந்தால் உடனே அறுவை சிகிச்சை செய்தாக வேண்டிய நிலை. வயிறு நிறைந்திருக்கும் வேளையில் குடிக்கக்கூடாது, பொடி முழுவதும் கரையாமல் விழுங்கக்கூடாது என்ற எச்சரிக்கைகள் இதனால் வந்தவை.

மற்றோர் ஆபத்து சற்று மறைவானது. நெஞ்சில் எரிச்சலும் பாரமும் மாரடைப்பாகவும் இருக்கக்கூடும். வியர்வை, மூச்சுத்திணறல், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி ஆகியவை சேர்ந்திருந்தால், சோடா குடித்து ஏப்பம் வருகிறதா என்று காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் இதயத்தசையின் இழப்பு. அதேபோல் எரிச்சல் இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தாலோ, விழுங்குவது கடினமானாலோ, மலம் கறுத்துப் போனாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, அமிலத்தைத் தணித்துக்கொண்டே இருப்பது உள்ளே வளரும் புண்ணையோ கட்டியையோ மூடி மறைப்பதாகவே முடியும்.

இந்தப் பொருளை மிகுதியாகக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை மருத்துவ உலகம் முன்பே கண்டிருக்கிறது. 1915-இல் அமெரிக்க மருத்துவர் பெர்ட்ராம் சிப்பி, இரைப்பைப் புண்ணுக்கு மணிக்கொரு முறை பாலும் பாலேடும் காரப் பொடிகளும் தரும் முறையை வெளியிட்டார். அப்பொடிகளில் சோடியம் பைகார்பனேட்டும் இருந்தது. பலருக்குப் புண் வலி தணிந்தது. ஆனால் சில ஆண்டுகளிலேயே, இம்முறையில் இருந்தவர்களிடம் குமட்டல், தலைவலி, மனக்குழப்பம், சிறுநீரகச் சேதம் ஆகியவை காணப்பட்டன. மிகுதியான கால்சியமும் மிகுதியான காரமும் ஒன்றாக உட்சென்று சிறுநீரகத்தைத் தாக்கும் இந்த நிலையைப் பால்-கார நோய்க்குறித்தொகுதி என்கிறார்கள். கால்சியம் மாத்திரைகளையும் அமில முறிப்பான்களையும் சேர்த்து நெடுநாள் உட்கொள்பவர்களிடம் இன்றும் இது காணப்படுகிறது.

சிறுநீரகம் தளரும்போது

நாட்பட்ட சிறுநீரக நோயில், அன்றாடம் உண்டாகும் அமிலத்தை வெளியேற்றவும் பைகார்பனேட்டை மீளுருவாக்கவும் சிறுநீரகத்தால் இயலாமல் போகிறது. இரத்தத்தில் பைகார்பனேட் 22-க்குக் கீழே இறங்குகிறது. உடல் அந்த அமிலத்தை எலும்பிலுள்ள காரப்பொருளைக் கரைத்தும் தசையைச் சிதைத்தும் சமாளிக்கப் பார்க்கும். இங்கே சோடியம் பைகார்பனேட் மாத்திரை, உடலில் உண்மையிலேயே இல்லாமற்போன ஒன்றை ஈடுசெய்கிறது. இதை நான் இந்த மருந்தின் மிக நேர்மையான பயன்பாடாகக் கருதுகிறேன். சிறுநீரகக் குழாய்களின் கோளாறால் குழந்தைகளுக்கு வளர்ச்சி குன்றி எலும்பு வளையும் சில நோய்களில், பைகார்பனேட்டோ அதற்கு இணையான சிட்ரேட்டோ கொடுத்தபின் வளர்ச்சி மீள்வதும் உண்டு.

ஆனாலும் எல்லாச் சிறுநீரக நோயாளிகளுக்கும் இது நன்மை தருமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஒரே விடையைத் தரவில்லை. 2009-இல் லண்டனில் 134 பேரிடம் நடந்த ஆய்வில், மாத்திரை பெற்றவர்களின் சிறுநீரகத் திறன் மெதுவாகவே சரிந்தது. 2020-இல் வெளியான பிரித்தானிய ஆய்வில், 60 வயதைக் கடந்த 300 பேரிடம் உடலியக்கத்திலோ சிறுநீரகத் திறனிலோ எந்த நன்மையும் தென்படவில்லை. வயது, இரத்த அழுத்தம், நீர்வீக்கம், பைகார்பனேட் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பனவற்றையெல்லாம் பார்த்தே சிறுநீரக மருத்துவர்கள் இன்று முடிவெடுக்கிறார்கள். சிறுநீரக நோய் உள்ள ஒருவர் இதைக் கேள்விப்பட்டுச் சமையலறைப் பொடியைத் தாமாகவே எடுத்துக்கொள்ளத் தொடங்குவது மிகவும் தவறு. மிகுதியைக் கழித்துவிடும் வசதி அவருடைய சிறுநீரகத்துக்குத்தான் இல்லையே.

டயாலிசிஸ் செய்யும்போது பயன்படும் கரைசலிலும் பைகார்பனேட் உண்டு. அதையும் கால்சியத்தையும் ஒரே கரைசலில் நெடுநேரம் வைத்திருந்தால் சுண்ணாம்பாகப் படிந்துவிடும் என்பதால், 1960-களில் பைகார்பனேட்டுக்குப் பதிலாக அசிட்டேட்டைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அசிட்டேட் பலருக்கு இரத்த அழுத்தத்தைச் சரித்துக் குமட்டலை உண்டாக்கியது. பின்னர், இரண்டு அடர்கரைசல்களைத் தனித்தனியே வைத்துக் கடைசி நேரத்தில் கருவியே கலந்துகொள்ளும் ஏற்பாடு வந்தபின், 1980-களில் பைகார்பனேட் மீண்டும் தன் இடத்தைப் பிடித்தது. டயாலிசிஸ் பிரிவில் “பார்ட் ஏ”, “பார்ட் பி” என்று இரண்டு கேன்கள் இருப்பதன் காரணம் இதுதான்.

வயிற்றுப்போக்குக்குத் தரும் ஓ.ஆர்.எஸ். பொடியிலும் தொடக்கத்தில் சோடியம் பைகார்பனேட் இருந்தது. வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் அப்பொடி விரைவில் கெட்டுப்போனதால் 1984-இல் அதற்குப் பதில் சிட்ரேட் சேர்க்கப்பட்டது.

அவசர சிகிச்சையில்

அமிட்ரிப்டிலின் போன்ற பழைய வகை மனச்சோர்வு மாத்திரைகளை அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்கு, இதயத் தசையில் சோடியம் நுழையும் வாயில்கள் அடைபட்டு, இசிஜி வரைபடத்தில் அலைகள் அகன்று, இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும். அப்போது நரம்பில் ஏற்றும் சோடியம் பைகார்பனேட் உயிர்காக்கும் மருந்தாகிறது. வீட்டில் ஆபத்து என்று நாம் எண்ணிய அதே சோடியம் இங்கே அடைபட்ட வாயில்களை வென்று உள்ளே செல்ல உதவுகிறது; இரத்தம் சற்றுக் காரமாவதால் அம்மருந்தின் பிடியும் தளர்கிறது. சில நிமிடங்களில் இசிஜி அலைகள் மறுபடி குறுகுவதைக் கண்ணாலேயே பார்க்க முடியும்.

ஆஸ்பிரினை மிகுதியாக விழுங்கிய நச்சு நிலையில் இது வேறொரு வழியில் உதவுகிறது. ஆஸ்பிரினிலிருந்து உண்டாகும் சாலிசிலேட் ஒரு மென்மையான அமிலம். காரமான சூழலில் அது மின்னேற்றம் பெறுகிறது. மின்னேற்றம் பெற்றபின் செல்களின் சவ்வுகளை எளிதில் கடக்க முடியாது. எனவே சிறுநீரைக் காரமாக்கினால், அங்கே வந்துசேர்ந்த சாலிசிலேட் திரும்பி உடலுக்குள் போக முடியாமல் சிறுநீரோடு வெளியேறிவிடும். இச்சிகிச்சையின்போது பொட்டாசியத்தின் அளவைக் கவனித்துச் சீராக வைத்திருக்க வேண்டும். அது குறைந்திருந்தால் சிறுநீர் காரமாகவே ஆகாது.

இவ்விரண்டிலும் இந்த மருந்து இன்ன காரணத்தால் இன்ன வேலையைச் செய்கிறது என்று தெளிவாகச் சொல்ல முடிகிறது. இதயம் நின்றுபோன நிலையில் அப்படிச் சொல்ல முடியவில்லை. இதயம் நின்றதும் உடலில் அமிலம் பெருகுகிறது. அமிலத்தைத் தணித்தால் இதயம் மீண்டும் இயங்கும் என்று எண்ணுவது இயல்பு. பல பத்தாண்டுகள் அப்படியே நம்பி, இதயம் நின்ற ஒவ்வொருவருக்கும் இதை ஏற்றினார்கள். ஆனால் பிறந்த கார்பன் டை ஆக்சைடை நுரையீரலுக்குக் கொண்டுசெல்ல அங்கே இரத்த ஓட்டம் இல்லை. அந்த வாயு செல்களுக்குள் எளிதில் நுழைந்து, இரத்தத்தில் அமிலம் குறைந்திருக்கும்போதே செல்லுக்குள் அதைக் கூட்டக்கூடும். மேலும் காரமான இரத்தத்தில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறுகப் பற்றிக்கொண்டு திசுக்களுக்கு விடத் தயங்கும். 1980-களிலிருந்து வழிகாட்டு நெறிகள் பின்வாங்கின. இன்று பொட்டாசியம் அபாயகரமாக உயர்ந்திருத்தல், மேலே சொன்ன மாத்திரை நச்சு போன்ற தனிக் காரணம் இருந்தாலன்றி இதை வழக்கமாகக் கொடுப்பதில்லை.

ஆய்வறிக்கையில் ஓர் எண்ணைச் சரிசெய்வது வேறு, அந்த எண்ணைக் கெடுத்த நோயைச் சரிசெய்வது வேறு. சர்க்கரை நோயில் கீட்டோன் அமிலம் பெருகும்போது அதை நீக்குபவை இன்சுலினும் நீர்மமும்தான், பிஎச் 7.0-க்கும் கீழே சரிந்தாலன்றிப் பைகார்பனேட் தருவதில் பயனில்லை என்பதே பரவலான மருத்துவக் கருத்து. கடும் நோய்த்தொற்றால் லாக்டிக் அமிலம் சேரும்போதும் தொற்றையும் இரத்த ஓட்டத்தையும் சீராக்குவதே சிகிச்சை. மாறாக, கடும் வயிற்றுப்போக்கில் பைகார்பனேட்டே மலத்தோடு போய்விட்டிருந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பதில் பொருள் இருக்கிறது.

ஊசி மருந்தாக வரும் 8.4 சதவீதக் கரைசலின் ஒவ்வொரு மில்லிலிட்டரிலும் ஒரு மில்லிமோல் பைகார்பனேட் உள்ளது. அதில் கரைந்திருக்கும் துகள்களின் செறிவு இரத்தத்தில் உள்ளதைப்போல ஏறத்தாழ ஏழு மடங்கு. நரம்பை விட்டு வெளியே கசிந்தால் தோலும் தசையும் அழுகிப்போகலாம். பச்சிளம் குழந்தைகளுக்கு வேகமாக ஏற்றினால் மூளைக்குள் இரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் உண்டு. கால்சியம் ஏறிய அதே குழாயில், இடையே கழுவாமல் இதையும் செலுத்தினால் குழாயிலேயே சுண்ணாம்பு படியும்.

காரம் மிகும்போது

அளவு மீறினால் இரத்தம் காரத்தன்மை அடைகிறது. அப்போது பொட்டாசியம் செல்களுக்குள்ளும் சிறுநீர் வழியாக வெளியேயும் போய்விடுகிறது. இரத்தத்தில் தனித்து இயங்கும் கால்சியம் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. விரல் நுனிகளிலும் உதட்டைச் சுற்றிலும் மதமதப்பு, தசைப்பிடிப்பு, தளர்ச்சி, மனக்குழப்பம் ஆகியவை தோன்றும். முற்றினால் வலிப்பும் இதயத் துடிப்பில் கோளாறும் வரும். ஓயாத வாந்தியாலோ, நீர் பிரிக்கும் மாத்திரைகளாலோ ஏற்கெனவே பொட்டாசியம் குறைந்திருப்பவர் இந்த நிலைக்கு விரைவில் தள்ளப்படுவார். கருவுற்றிருக்கும்போது மண், சாம்பல் போன்றவற்றைத் தின்னத் தோன்றுவதுபோலச் சிலருக்குச் சமையல் சோடாவையே தின்னும் வேட்கை எழுவதுண்டு. அவர்களில் சிலர் பொட்டாசியம் வற்றித் தசைகள் சிதைந்த நிலையில் மருத்துவமனைக்கு வந்திருக்கிறார்கள்.

குழந்தைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். வயிறு உப்புசம் என்று கைக்குழந்தைக்கு இதைக் கொடுக்கவே கூடாது. தோலில் தடவுவதும் பாதுகாப்பானதன்று. புண்பட்ட தோல் வழியாக உட்புகுந்து பொட்டாசியத்தைக் குறைத்த நிகழ்வு பதிவாகியுள்ளது. அமிலத்தை விழுங்கிவிட்டவருக்குச் சோடா கலக்கிக் கொடுப்பதும் கொடிய தவறு, ஏனெனில் வினையில் பிறக்கும் வாயு ஏற்கெனவே வெந்த உணவுக்குழாயைத் துளைத்துவிடலாம். தோலில் அமிலம் பட்டால் ஓடும் தண்ணீரில் நெடுநேரம் கழுவுவதே முதலுதவி.

சிறு பயன்கள் சிலவும் உண்டு. மரத்துப்போக ஊசி போடும்போது லிக்னோகெயின் மருந்தோடு சிறிது பைகார்பனேட் கலந்தால் எரிச்சல் குறைகிறது. இறுகிய காதுக்குறும்பியை இளக்கும் சொட்டுமருந்திலும், புற்றுநோய் சிகிச்சையால் வாய் புண்ணானவர்கள் கொப்பளிக்கும் நீரிலும் இது சேர்கிறது. குறுகிய நேரக் கடும் பயிற்சிக்கு முன் விளையாட்டு வீரர்கள் சிலர் உடல் எடையில் கிலோவுக்கு 0.2 முதல் 0.3 கிராம் வரை எடுத்துக்கொள்கிறார்கள். திறன் சற்றுக் கூடுகிறது, வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் பலருக்கு உடன் வருகின்றன.

புற்றுநோயையே இது குணமாக்கும் என்ற கூற்று எனக்கு மிகுந்த வேதனை தருகிறது. கட்டிகளைச் சுற்றியுள்ள திசு அமிலத்தன்மை கொண்டிருப்பது உண்மை. எலிகளில் சில பரிசோதனைகளும் நடந்தன. ஆனால் மனிதருக்குச் சோடா கொடுத்துப் புற்றுநோய் குணமானதற்குச் சான்று இல்லை. கட்டியின் சுற்றுப்புறத்தை மாற்றப் போதுமான அளவைத் தினமும் கொடுத்தால், கட்டிக்கு முன்பாக நோயாளியின் இரத்தமே நிலைகுலையும். இதை நம்பி, குணமாகக்கூடிய கட்டத்தில் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுபவர் இழப்பது மீட்க முடியாத காலம்.

மற்ற மருந்துகளோடு இது மோதுவதும் உண்டு. இரும்புச்சத்து மாத்திரை, டெட்ராசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி, கீட்டோகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்து ஆகியவை உடலில் சேர்வதை இது குறைக்கும். குடலில் கரைய வேண்டிய மேற்பூச்சுள்ள மாத்திரைகளை இரைப்பையிலேயே கரைத்துவிடக்கூடும். மனநோய்க்குத் தரும் லித்தியத்தைச் சிறுநீரில் விரைவாக வெளியேற்றிவிடும். ஆகவே வேறு மருந்துக்கும் இதற்கும் இடையில் குறைந்தது இரண்டு மணி நேரம் விட வேண்டும். லித்தியம் எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது.

என்ன மருந்துகள் சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்கும்போது சமையல் சோடாவை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. பொட்டாசியம் குறைந்தும் பைகார்பனேட் உயர்ந்தும் வந்த ஆய்வறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு, நோயாளி வாந்தி எடுத்தாரா, நீர் பிரிக்கும் மாத்திரை சாப்பிட்டாரா, சுரப்பியில் கட்டி இருக்கிறதா என்று மருத்துவர் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருப்பார். எத்தனை கரண்டி, நாளுக்கு எத்தனை முறை, எத்தனை வாரங்களாக என்ற மூன்று விவரங்களை நோயாளியோ வீட்டாரோ சொல்லிவிட்டால் அந்தத் தேடல் அந்த நிமிடமே முடிந்து, பொட்டாசியத்தை ஈடுசெய்யும் வேலை தொடங்கிவிடும்.